பொறுக்கியது போக மிச்சம்

ஒரு சாண் நீளத்துக்கு அறுத்த துப்பாக்கி பேரல் குழாய். அதன் வாயில் ஒரு குண்டைப் போட்டு, குழாயை உதட்டில் வைத்து, ஒரே ஊது. குண்டு மறுமுனை வழியே வந்து மடியில் விரித்த துணியில் விழுந்தால் அது தேறியது. ஊதுவதற்கு முன்பே தானாக உருண்டு ஓடிவிட்டால் சின்னது. கன்னம் உப்ப ஊதியும் நகராமல் உட்கார்ந்திருந்தால் பெருத்தது. உதட்டை முழங்கையில் துடைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு முறையும் ஊதுகிறார். எச்சில் பட்டால் குண்டின் தோல் இளகிவிடும்.

தேறிய குண்டுக்கு இன்னொரு பரீட்சை உண்டு. சரிவாகச் சாய்த்து வைத்த மேசைப் பலகையின் மேல்முனையில் வைத்து விரலை எடுப்பார். நேராக உருண்டு கீழே வருவது இடது டப்பாவுக்கு. பாதி வழியில் குடித்தவன் போல ஒதுங்கினால் வலது டப்பாவுக்கு. "நாலு அடிப் பலகைல இவ்ளோ கோணுதுன்னா, காத்துல இருபது அடி போறதுக்குள்ள எங்க போகும்னு பாத்துக்குங்க" என்பார். ஒரு பெட்டியில் இரண்டாயிரம் குண்டுகள். ஒரு நாளில் இரண்டு பெட்டி முடித்தால் சாயங்காலம் தாடை வலிக்கும், காது அடைத்துக்கொள்ளும்.

மைதானத்தில் எல்லோரும் அவரைக் குண்டக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆளைப் பார்த்தால் அந்தப் பெயருக்கும் உடம்புக்கும் ஸ்நானப்பிராப்தி இல்லை. நாற்பத்தாறு வயது, ஒட்டிய கன்னம், சட்டை மாட்டுகிற கம்பி போலத் தோள். புதிதாக வருகிறவர்கள் பெயரைக் கேட்டுவிட்டு ஆளைத் தேடுவார்கள். "நான்தாங்க அது. பேருக்கு நான், எடைக்கு பெட்டி" என்று பெட்டியைத் தள்ளுவார். நூறு முறை சொன்ன வேடிக்கை. சொல்லும்போது அவர் சிரிப்பதில்லை.

ஊர் எல்லையில் முன்பு மரக்கிடங்கு இருந்த நிலம் அது. இப்போது சுற்றிலும் உயரமான வலை, உள்ளே பழைய டயர்கள், இரும்பு பீப்பாய்கள், பாதி இடித்த சுவர்கள். மனிதர்கள் முகக்கவசம் மாட்டிக்கொண்டு, காற்றழுத்தத் துப்பாக்கியால் ஒருவரையொருவர் சாயம் அடித்துச் சுட்டுக்கொள்ளும் பெயின்ட்பால் மைதானம். குண்டு என்பது பெரிய நெல்லிக்காய் அளவு. ஜெலட்டின் தோல், உள்ளே சாயம். மேலே பட்டு உடைந்து சாயம் தெறித்தால் ஆள் அவுட். படாமல் போனாலும் பட்டு உடையாமல் தெறித்து ஓடினாலும் கணக்கில்லை. அந்த ஒரு விதியில்தான் இந்தக் கதை முழுவதும் நிற்கிறது.

குண்டுகள் இருக்கும் அறைக்கு ஜன்னல் இல்லை. குளிர்சாதனம் இரவு பகலாக ஓடுகிறது. மேசையும் நாற்காலியும் அறைக்கு வெளியே, தகரக் கூரைக்குக் கீழே. கொதிக்கும் மதியத்தில் நெற்றியைத் துடைத்துக்கொண்டே, "ஏசி குண்டுக்கு சார். எனக்கு இல்ல" என்று சொன்னார். ஈரக்காற்று பட்டால் குண்டு உப்பிவிடும். வெயில் பட்டால் மெழுகு மாதிரி தொய்யும். ஒரே பக்கமாகப் பத்து நாள் கிடந்தால் அடிப்பக்கம் குழி விழும். அதனால் மூன்று நாளைக்கு ஒரு முறை எல்லாப் பெட்டிகளையும் புரட்டிப் போடுவார். படுக்கையில் கிடக்கிற நோயாளியைத் திருப்பிப் படுக்க வைப்பது போல, ஒரு கை அடியில், ஒரு கை மேலே.

இந்த விரல்பழக்கம் வந்த இடம் வேறு. பதினோரு ஆண்டு மீன் எண்ணெய் மாத்திரை செய்யும் தொழிற்சாலையில் இருந்தார். வெளிச்சம் அடியிலிருந்து வரும் பால்நிற மேசையில் மாத்திரைகள் ஓடும். கோணல், ஒழுகல், குமிழி என்று பார்த்துப் பொறுக்கி எறிய வேண்டும். ஒரு நாள் அந்த மேசைக்கு மேலே கேமரா பொருத்தினார்கள். மறு மாதம் பன்னிரண்டு பெண்களுக்கு வேலை இல்லை. அங்கே இருந்து வந்தவருக்கு இங்கே முதல் பெட்டியைத் திறந்தபோதே தெரிந்துவிட்டதாம். "அதே ஜெலட்டின், அதே பொருத்து. மீனெண்ணெய்க்குப் பதிலா சாயம். அவ்ளோதான்."

மூன்று விதமான பெட்டிகள் வரும். விலை உயர்ந்ததற்கு முதலாளி வைத்த பெயர் தங்கம். அடுத்தது வெள்ளி. மூன்றாவதற்கு அவர் பெயர் வைக்கவில்லை. வேலையாட்கள் வைத்த பெயர் 'போனாப்போகுது'. தங்கத்துக்கும் போனாப்போகுதுக்கும் விலை மூன்று மடங்கு வித்தியாசம். நான் முதலில் அதைச் சாயத்தின் வித்தியாசம் என்று நினைத்தேன். குண்டக்கா ஒரு துப்பாக்கியை இரும்புப் பிடியில் அசையாமல் இறுக்கி, இருபத்தைந்து அடி தள்ளி ஒரு பழைய கதவை நிறுத்தி, எனக்குச் செய்து காட்டினார். தங்கத்தில் பத்துச் சுட்டார். பத்தும் ஒரு உள்ளங்கையால் மூடிவிடக்கூடிய இடத்தில் விழுந்தன. அதே துப்பாக்கி, அதே காற்று, அதே பிடி. போனாப்போகுதில் பத்துச் சுட்டார். ஒன்று தாழ்ப்பாளில், ஒன்று கீல் பக்கம், இரண்டு தரையில், ஒன்று கதவுக்கே படாமல் எங்கோ. ஒன்று கதவில் பட்டு உடையாமல் திரும்பி எங்கள் பக்கமே உருண்டு வந்தது.

விலை குறைந்த குண்டின் தோல் தடிமனாக இருக்கும், சீக்கிரம் உடையாது என்று விளக்கினார். அளவும் ஒரு சீராக இராது. சின்னது குழாய்க்குள் ஆடிக்கொண்டு போகும், காற்று பக்கவாட்டில் கசிந்துவிடும், தூரம் போகாது. பெருத்தது குழாய்க்குள்ளேயே உடையும். உடைந்த சாயம் உள்ளே வழிந்து கிடக்கையில் அடுத்து வருவது நல்ல குண்டாக இருந்தாலும் வழுக்கிக்கொண்டு கோணலாகத்தான் போகும். "ஒரு கெட்டது, பின்னாடி வர்ற அஞ்சு நல்லதையும் கெடுத்துட்டுத்தான் போகும்" என்றார்.

அவரை எனக்குத் தெரிந்ததே என் தோல்வியால்தான். எங்கள் அலுவலகம் ஒரு நாள் ஊழியர்களை அங்கே அழைத்துப் போனது. மேலாளர்கள் ஓர் அணி, நாங்கள் ஓர் அணி. அவர்களுக்குத் தங்கம், எங்களுக்குப் போனாப்போகுது. எங்கள் மேலாளர் முதுகு ஒரு பீரோ அகலம். பத்தடியிலிருந்து எட்டுக் குண்டு சுட்டேன், ஒன்று கூட அவர் மேல் படவில்லை. அவர் திரும்பி நின்று ஒரே குண்டில் என் தொண்டைக்குழியில் அடித்தார். அன்று மாலை முழுவதும் அலுவலகத்தில் அதுதான் பேச்சு. துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, மேசைக்குப் பின்னாலிருந்த மெலிந்த பெண்மணி என்னை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்: "உங்க கை இல்ல சார். மனசுல வெச்சுக்காதீங்க."

அந்தச் சொல்லுக்காகத்தான் சில மாதம் கழித்து மறுபடி போனேன். செவ்வாய்க்கிழமை மைதானத்துக்கு விடுமுறை. அன்றைக்கும் அவர் அங்கே உட்கார்ந்து ஊதிக்கொண்டிருந்தார். பிறகு பல செவ்வாய்க்கிழமைகள். கதை ஒரே நாளில் வரவில்லை. ஒரு வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் நடுவே இருபது முப்பது குண்டுகள் உருண்டு போகும்.

அவருக்கு ஒரே மகள். வயது இருபத்திரண்டு. பெரிய துணிக்கடையில் வேலை. காலை பத்து மணி முதல் இரவு எட்டு வரை நிற்க வேண்டும், உட்கார அனுமதி இல்லை. வீட்டுக்கு வந்ததும் வாளியில் வெந்நீர் ஊற்றிக் கால்களை வைத்துக்கொண்டுதான் சாப்பிடுவாள். கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறார். மனைவியின் வேலையை அவர் 'கோலிக்குண்டு உத்தியோகம்' என்பார். கோபமில்லாத மனிதர், எதிலும் தலையிடாதவர்.

மகள் விடுமுறை நாட்களில் அம்மாவைப் பார்க்க வருவாள். கழித்துப்போட்ட குண்டுகளை வைத்துச் சும்மா சுடத் தொடங்கியவள், ஒரு வருடத்துக்குள் மைதானத்தில் யாரும் அவளுக்கு எதிரே நிற்க யோசிக்கும் நிலைக்கு வந்துவிட்டாள். அவசரப்பட மாட்டாள். சுவருக்குப் பின்னால் ஒண்டி உட்கார்ந்து, எதிராளி மூச்சு விடக் காத்திருந்து, ஒரு குண்டு. பெரும்பாலும் ஒன்றே போதும். கடையில் வேலை செய்யும் நான்கு பேரைச் சேர்த்து ஐந்து பேர் அணி ஒன்றை உண்டாக்கினாள். அணிக்குப் பெயர் 'நிக்கிறவங்க'. நாள் முழுக்க நிற்கிறவர்கள் என்பதால்.

சென்ற ஆண்டு மைதானத்தில் ஒரு போட்டி அறிவித்தார்கள். முகக்கவசமும் துப்பாக்கியும் விற்கிற நிறுவனம் ஒன்று அதைப் பார்க்க ஆள் அனுப்புவதாகச் சொன்னது. நன்றாகச் சுடுகிற இரண்டு பேரைத் தங்கள் அணிக்கு எடுத்துக்கொள்வார்கள். மாதச் சம்பளம், ஊர் ஊராகப் போட்டி. உட்கார்ந்து பயணம் செய்கிற வேலை. மகள் அதைப் பற்றி வீட்டில் அதிகம் பேசவில்லையாம். கடையில் மட்டும், இன்னும் இரண்டு மாதத்தில் போய்விடுவேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள்.

போட்டிக்கு ஒரு விதி. எல்லா அணிகளும் மைதானத்தில் விற்கிற குண்டைத்தான் பயன்படுத்த வேண்டும். வெளியிலிருந்து கொண்டு வரக்கூடாது. எந்தப் பெட்டி என்பது அவரவர் வசதி. பதிவுக் கட்டணத்தோடு பெட்டிக்கும் சேர்த்துக் கட்டிவிட வேண்டும். நிக்கிறவங்க அணியால் கட்ட முடிந்தது போனாப்போகுதுக்குத்தான்.

குண்டக்காவுக்கு அப்போதுதான் பழைய தொழில் ஞாபகம் வந்தது. கெட்ட குண்டு என்று ஒரு பெட்டி கிடையாது, ஒவ்வொரு பெட்டியிலும் நல்லதும் கெட்டதும் கலந்து கிடக்கிறது. பத்துக்கு மூன்று, தங்கத்துக்குப் பக்கத்தில் நிற்கும். அந்த மூன்றைப் பொறுக்கிவிட்டால் போதும். பழைய பேரல் ஒன்றை அறுத்துக் குழாய் செய்தார். செவ்வாய்க்கிழமை விடுமுறையைத் துறந்தார். ஏழு பெட்டிகளை ஊதி ஊதி இரண்டு பெட்டி தேற்றி, போனாப்போகுதுப் பெட்டியாகவே மகளின் அணிக்குக் கொடுத்தார். யாருக்கும் சொல்லவில்லை, மகளுக்கும் கூட. "நல்ல குண்டுன்னு தெரிஞ்சா அசால்ட்டா ஆடுவா. தெரியாம இருக்கட்டும்னு விட்டேன்."

மீதி என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

நாலைந்து குண்டுகளை உருட்டிவிட்டார். பிறகு, மீதியைப் பழைய பெட்டிகளிலேயே கொட்டி டேப் ஒட்டி அடுக்கிவிட்டதாகச் சொன்னார். வார நாட்களில் வருகிற கும்பலுக்கு அது போய்விடும். அவர்கள் விளையாட்டுக்குச் சுடுகிறவர்கள், ஒரு நாள் கூத்து. "யாரோ ஆபீஸ் ஆளுங்கதானேன்னு நெனச்சேன் சார். அதுல நீங்க இருந்தீங்க." அப்போதுதான் என் எட்டுக் குண்டுகள் எங்கே போயின என்று எனக்குத் தெரிந்தது. கோபம் வரவில்லை. என் தொண்டையில் பட்ட காயம் ஆறு நாளில் ஆறிவிட்டது.

முதல் சுற்றுகளில் நிக்கிறவங்க அணி மூன்று ஆட்டம் ஆடி மூன்றிலும் ஜெயித்தது. வெள்ளிக் குண்டு வாங்கிய இரண்டு அணிகளை வீட்டுக்கு அனுப்பியது. மகள் மட்டும் பதினொரு பேரை அவுட் ஆக்கினாள். வலைக்கு இந்தப் பக்கம் நின்றவர்கள், போனாப்போகுதிலா இப்படி என்று வாயைப் பிளந்தார்கள்.

முதலாளி அப்படிப் பிளக்கவில்லை. முப்பத்தைந்து வயதுக்காரர், வாயில் எப்போதும் 'அக்கா', முகத்தில் எப்போதும் சிரிப்பு. மறுநாள் தானே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு குண்டக்காவின் மேசைக்கு எதிரே உட்கார்ந்தார். எப்படி அக்கா இது என்று கேட்டார். நான்கு ஆண்டுகளில் அவர் எதிரே உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை.

"நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க" என்று இந்த இடத்தில் குண்டக்கா ஊதுவதை நிறுத்தினார். குழாயைக் காட்டினாராம். பலகையைக் காட்டினாராம். இரும்புப் பிடியில் துப்பாக்கியை வைத்து, பொறுக்கிய குண்டு பத்தும் கதவில் எங்கே விழுகிறது என்றும் காட்டினாராம். முதலாளி கதவருகே போய்ச் சாயப்புள்ளிகளை விரலால் தொட்டுப் பார்த்தார். "என்னக்கா, இவ்ளோ பெரிய வித்தைய கைல வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கீங்க" என்றார். மாத்திரைத் தொழிற்சாலையில் பதினோரு ஆண்டு யாரும் அப்படிச் சொன்னதில்லை. "சந்தோஷமா இருந்துச்சு சார். பொய் சொல்லக்கூடாது. அன்னிக்கு வீட்டுக்குப் போற வழியெல்லாம் சந்தோஷமாதான் போனேன்."

மறு வாரமே புதுப் பெட்டி வந்தது. பச்சை ஸ்டிக்கர், 'தேர்வுக் குண்டு' என்று அச்சு. போனாப்போகுதைப் போல இரண்டு மடங்கு விலை. அறையிலிருந்த எல்லாப் போனாப்போகுதுப் பெட்டியையும் பொறுக்கச் சொன்னார்கள். உதவிக்கு இரண்டு பெண்களைப் போட்டார்கள், குண்டக்கா அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். இறுதிச் சுற்றுக்கு முன்னால் தேர்வுக் குண்டு முழுவதும், மேற்கொண்டு பணம் கட்டிய மற்ற அணிகளுக்கு விற்றுப்போயிற்று. பொறுக்கியது போக மிச்சம், பழைய பெட்டிகளுக்கே திரும்பிப் போயிற்று. அதே படம், அதே பெயர், அதே விலை, புது டேப்.

இதில் என்ன நடந்திருக்கிறது என்பது கடைசிப் பெட்டியை ஒட்டும்போதுதான் அவருக்கு முழுதாக உறைத்தது. பொறுக்காத பெட்டியில் பத்துக்கு மூன்று நல்லதாவது இருக்கும். இப்போது இந்தப் பெட்டிகளில் பத்துக்கு ஒன்று கூடக் கிடையாது. சின்னதும் பெருத்ததும் கோணலும் மட்டும்தான். மகளின் அணி பணம் கட்டியிருப்பது இந்தப் பெட்டிகளுக்கு.

முதலாளியிடம் போனார். இரண்டு பெட்டி மட்டும் தன் மகளின் அணிக்குத் தேர்வுக் குண்டாகக் கொடுக்க வேண்டும், வித்தியாசத்தைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம் என்று கேட்டார். கொடுப்பதற்கு ஒரு பெட்டி கூட மிச்சமில்லை என்றார் முதலாளி. அதோடு நிறுத்தவில்லை. வேலை செய்கிறவரின் பிள்ளைக்குத் தனிச் சலுகை என்று வெளியே தெரிந்தால் போட்டிக்கே அசிங்கம் என்றார். பெட்டிகளைப் பொறுக்கிய விஷயம் யார் காதுக்காவது போனால் போனாப்போகுதை எவன் வாங்குவான் என்றும் கேட்டார். கடைசியாக, சிரித்துக்கொண்டே, "ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதானக்கா. நான் யாருக்கு ஓரவஞ்சன பண்ணேன்?" என்றார்.

மகளிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். இறுதிச் சுற்றுக்கு ஒரு நாள் இருந்தது. அந்த ஒரு நாளில் பத்துத் தடவை வாய்வரை வந்ததாம். குண்டு மோசம் என்று தெரிந்துவிட்டால் அவள் கை நடுங்கும், தெரியாவிட்டால் கைப்பழக்கத்தில் சமாளித்துவிடுவாள் என்று கடைசியில் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அது பாதிக் காரணம்தான். "அப்புறம் வேலை சார். வேலையும் ஒரு காரணம்தான். இல்லேன்னு எப்படிச் சொல்றது."

இறுதிச் சுற்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. குண்டுகளை எடுத்துக்கொடுப்பது குண்டக்காவின் வேலை. ஒவ்வொரு அணியாக மேசைக்கு வந்து சீட்டைக் காட்டிப் பெட்டி வாங்கிப் போனது. மகளின் முறை வந்தது. முழங்கால் பட்டையைச் சரிசெய்துகொண்டே, மற்றவர்கள் காதில் விழாமல், சிரித்தபடி சொன்னாளாம்:

"நல்லதா பாத்துக் குடும்மா."

குண்டக்கா உள்ளே போனார். அடுக்கில் பதினைந்து பெட்டிகள் இருந்தன. பதினைந்தும் அவரே பொறுக்கியது போக மிச்சப்பட்டவை. குளிரில் கொஞ்ச நேரம் நின்றார். ஒவ்வொரு பெட்டியாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு மேலே இருந்ததை எடுத்துக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தார்.

ஆட்டத்தை வலைக்கு வெளியே நின்று பார்த்தார். முதல் சில நிமிடங்களிலேயே நிக்கிறவங்க அணியில் நான்கு பேர் போய்விட்டார்கள். அவர்கள் சுட்டது எதிலும் படவில்லை. மகள் மட்டும் தாக்குப்பிடித்து, டயர் அடுக்குக்குப் பின்னால் ஊர்ந்து வந்து, எதிரணியில் பின்னால் இருந்த ஒருவனின் முதுகுப்பக்கம் சேர்ந்துவிட்டாள். அவன் பீப்பாய்க்குப் பின்னால் மண்டியிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். நடுவில் பதினைந்து அடி. நிறுவனத்திலிருந்து வந்தவர் குறிப்பேட்டோடு வலையருகே வந்து நின்றார்.

முதல் குண்டு அவன் கால்வரை எட்டாமல் மண்ணில் விழுந்தது. சின்னது, குண்டக்காவுக்குப் பார்த்ததுமே தெரிந்தது. இரண்டாவது இடப்பக்கம் விலகியது. மூன்றாவது வெளியே வரவில்லை. துப்பாக்கி இருமுவது போல ஒரு சத்தம், குழாய்முனையில் சாயம் வழிந்தது. நான்காவதும் ஐந்தாவதும் ஆகாயத்துக்குப் போயின. ஆறாவது போய் அவன் தோளிலேயே பட்டது. பட்டு, உடையாமல், எகிறி டயருக்குள் விழுந்தது. நடுவர் கையை ஆட்டி, தொடரச் சொன்னார். அவன் தோளைத் தடவிக்கொண்டு திரும்பினான். ஒரே குண்டு. மகளின் முகக்கவசம் முழுக்கப் பச்சை.

அவன் சுட்டது தேர்வுக் குண்டு. குண்டக்கா ஊதித் தேற்றியது.

நிறுவனத்து ஆள் நல்ல மனிதர்தான் என்கிறார் குண்டக்கா. ஆட்டம் முடிந்ததும் மகளைத் தேடி வந்து பேசினார். நிதானம் இருக்கிறது, இடம் பிடிக்கத் தெரிகிறது, ஆனால் பதினைந்து அடியில் அசையாத ஆளை அடிக்க முடியவில்லை என்றால் அது வேறு ஏதோ என்றார். தப்பாக நினைக்க வேண்டாம், ஒரு தடவை கண்ணைக் காட்டிக்கொள்வது நல்லது என்றும் சொன்னார். அன்று அவர் எடுத்த இரண்டு பேரும் தேர்வுக் குண்டில் சுட்டவர்கள்.

அன்று இரவு மகள் வாளியில் கால் வைத்து உட்கார்ந்திருந்தபோது குண்டக்கா ஆரம்பித்தார். குண்டு சரியில்லாமல் இருந்திருக்கும் என்ற அளவில்தான் சொன்னார். மகள் கையை உயர்த்தி நிறுத்திவிட்டாள்.

"வேணாம்மா. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்ன கதையாயிடும். அதே பெட்டிலதான மொத மூணு மேட்ச் ஜெயிச்சோம்."

கூடம் கோணலாகத்தான் இருந்தது, கோணலாக்கியதும் நான்தான் என்று சொல்லாமலே குண்டக்கா வாளியில் இன்னும் கொஞ்சம் வெந்நீர் ஊற்றினார். மறுநாள் அதே பெட்டியில் மிஞ்சியதை எடுத்து, துப்பாக்கியை இரும்புப் பிடியில் இறுக்கி, கதவைப் பார்த்து ஐம்பது குண்டு சுட்டார். கதவில் பட்டு உடைந்தவை ஏழு. அந்த ஏழையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்.

மகள் அதன்பிறகு துப்பாக்கியைத் தொடவில்லை. அணி கலைந்துவிட்டது. கடையில், இரண்டு மாதத்தில் போய்விடுவேன் என்று சொன்னதை இன்னும் சிலர் நினைவுபடுத்துகிறார்களாம். முதலாளி குண்டக்காவுக்குச் சம்பளம் உயர்த்தினார். "வாங்கிக்கிட்டேன் சார். வேணாம்னு சொன்னா மட்டும் அந்த ஆறு குண்டும் திரும்பி வரவா போகுது?" என்று கேட்டார். என்னிடம் கேட்டது போல இல்லை. பிறகு, "சொந்தச் செலவுல சூனியம்னு சொல்வாங்க. நான் மூச்சக் குடுத்து வெச்சுக்கிட்டேன்" என்றார்.

தேர்வுக் குண்டுக்கு இப்போது முன்பதிவு இருக்கிறது. மற்ற மைதானங்களிலிருந்தும் கேட்டு வருகிறார்கள். போனாப்போகுது வாங்குகிறவர்களும் குறையவில்லை. அவர்கள் தங்கள் கையைத்தான் நொந்துகொண்டு போகிறார்கள். துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர்கள் முகத்தைக் குண்டக்கா இப்போதெல்லாம் பார்ப்பதில்லை. 'உங்க கை இல்ல' என்று சொல்வதையும் விட்டுவிட்டார். அது முதலாளி காதிலும் ஒரு நாள் விழுந்துவிட்டதாம்.

இதையெல்லாம் எழுதலாமா என்று கேட்டேன். நெடுநேரம் யோசிப்பார் என்று எதிர்பார்த்தேன். "எழுதுங்க. அவ பத்திரிகை படிக்கமாட்டா" என்றார்.

கடைசியாக நான் போன செவ்வாய்க்கிழமை தூறிக்கொண்டிருந்தது. மூன்று மணிவாக்கில் மகள் வந்தாள். கடையில் அன்று அவளுக்கு அரை நாள். வீட்டுச் சாவியைத் தொலைத்துவிட்டு அம்மாவிடம் வாங்க வந்திருந்தாள். உயரமான பெண், அம்மாவைப் போலவே கம்பித் தோள். புதிதாக மூக்குக்கண்ணாடி போட்டிருந்தாள். தள்ளுபடியில் கண்ணாடி விற்கிற கடை ஒன்றில் பரிசோதித்து, லேசாகக் குறை இருக்கிறது, போட்டுக்கொண்டால் நல்லது என்று கொடுத்தார்களாம். இரண்டு மாதத் தவணை. என்னைப் பார்த்து ஒரு புன்னகை செய்துவிட்டு, அம்மாவிடம் உற்சாகமாகவே பேசினாள். பஸ்ஸின் எண் இப்போது தூரத்திலேயே தெரிகிறது என்றாள். கடையில் எதிர்ச்சுவர்க் கடிகாரம் கூடத் தெளிவாகத் தெரிகிறது, இத்தனை நாள் எப்படித்தான் குருடியாட்டம் சுற்றினேனோ என்றாள்.

"முன்னாடியே போட்டிருக்கணும்மா" என்றாள்.

குண்டக்கா என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன். தகரக் கூரையில் தூறல் கொஞ்சம் வலுத்தது.

அவர் எழுந்து போய், தூறல் புள்ளி புள்ளியாக ஒட்டியிருந்த கண்ணாடியை மகளின் முகத்திலிருந்து மெதுவாகக் கழற்றினார். சாயக் கறை படிந்த தன் சீருடைப் பனியனின் விளிம்பைத் திருப்பி, உள்பக்கத்தில் கறை படாத இடம் தேடி, இரண்டு வில்லைகளையும் துடைத்தார். மறுபடி ஒரு முறை துடைத்தார். பிறகு மகளின் காதோர முடியை விரலால் ஒதுக்கி, கண்ணாடியை அவள் முகத்தில் சரியாகப் பொருத்தினார்.